வினைமுதல் இல்லாத போர்கள்: கட்டாங்காவின் செம்பும் செய்தியின் இலக்கணமும்

2025 ஜனவரி இறுதியில் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் கிழக்கு எல்லையிலுள்ள கோமா நகரம் எம்23 படையிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் புகாவு நகரமும் வீழ்ந்தது. பன்னாட்டுச் செய்தி முகமைகளிடமிருந்து பெற்று நம் மொழி இதழ்கள் வெளியிடும் ஆப்பிரிக்கச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர், சில வினைச்சொற்கள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். வன்முறை ‘வெடிக்கிறது’, போர் ‘மூள்கிறது’, மோதல் ‘பரவுகிறது’, பதற்றம் ‘நிலவுகிறது’. இவை யாவும் இவ்விடங்களில் தன்வினைகளாகவே வருகின்றன. மழை பெய்வது போலவும் காய்ச்சல் பரவுவது போலவும் போர் அங்கே தானாக நிகழ்கிறது. தமிழில் ‘மூள்’ என்பதற்கு ‘மூட்டு’ என்னும் பிறவினை உண்டு. ‘போர் மூண்டது’ என்னும் தொடர் எழுப்பாத ஒரு வினாவை, ‘போரை மூட்டினர்’ என்னும் தொடர் உடனே எழுப்பிவிடுகிறது: மூட்டியவர் யார்?

ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய கூறுகளைத் தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் எட்டாக எண்ணுகிறது. வினை, அதைச் செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி ஆகிய ஆறோடு, ‘யாருக்காக’, ‘என்ன பயனுக்காக’ என்னும் இரண்டும் அப்பட்டியலில் உண்டு. மொழியியல் பயின்ற எனக்கு, ஆப்பிரிக்கப் போர்களைப் பற்றிய செய்திகளை இந்த எட்டின் துணையோடு வாசிக்கும் பழக்கம் உண்டு. இடம் சொல்லப்படும், காலம் சொல்லப்படும், துப்பாக்கி, வெட்டுக்கத்தி எனக் கருவி விரிவாகவே சொல்லப்படும். மாண்டவர் எண்ணிக்கையாக வருவர். செய்பவர் மங்கலாகவோ பாதியாகவோ வருவார். யாருக்காக, என்ன பயனுக்காக என்னும் இரு இடங்களும் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

இது புதிய கருத்தன்று. 1979இல் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மொழியியலாளர்கள் வெளியிட்ட ‘மொழியும் கட்டுப்பாடும்’ என்னும் நூலில் டோனி ட்ரூ ஓர் ஆப்பிரிக்கச் செய்தியையே ஆராய்ந்தார். 1975 ஜூன் 1 அன்று ரொடீஷியாவின் சாலிஸ்பரி நகரில் (இன்றைய ஹராரே) காவல்துறை சுட்டதில் கறுப்பினத்தவர் பலர் உயிரிழந்தனர். லண்டன் நாளிதழ் ஒன்றின் தலைப்பில் ‘கலகம் செய்த கறுப்பர்கள்’ தொடரின் முன்னிலைக்கு வந்தனர். சுட்ட காவல்துறை செயப்பாட்டு வினையின் வாலாகப் பின்னே சென்றது. அடுத்த நாள்களில் சுட்டவரும் சுடப்பட்டதும் தலைப்பிலிருந்து மறைந்தன. ‘கலவரம்’ என்னும் பெயர்ச்சொல் மட்டும் நின்றது. வினை பெயராகும்போது வினைமுதல் உதிர்ந்துவிடுகிறது என்பதை அவர் காட்டினார்.

ட்ரூ காட்டிய இந்த உதிர்வு செய்தியறையோடு நின்றுவிடுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானங்களிலும் நிகழ்கிறது. சில வேளைகளில் மனித உயிரையும் விலையாகக் கேட்கிறது. இதற்கு 1960 முதல் 1963 வரையிலான கட்டாங்காவைவிடத் தெளிவான சான்று அரிது. அதன் ஆவணங்களில் பெரும்பகுதி இன்று வெளிவந்துள்ளது என்பதோடு, அந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் நேரடிப் பங்கு உண்டு என்பதும் இத்தேர்வுக்குக் காரணம்.

செம்பின் மேல் எழுந்த அரசு

காங்கோவின் தென்கிழக்கு மாகாணமான கட்டாங்கா செம்பு, கோபால்ட், யுரேனியம் ஆகியவற்றின் நிலம். 1906இல் தொடங்கப்பட்ட யூனியன் மினியேர் என்னும் சுரங்க நிறுவனம் அந்நிலத்தை ஆண்டது என்றே சொல்லலாம். பெல்ஜியத்தின் சொசியேத்தே ஜெனரால் நிதிக்குழுமமும் பிரித்தானிய முதலீட்டைக் கொண்ட டங்கனிக்கா கன்சஷன்ஸ் நிறுவனமும் அதில் பங்குடையவை. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டை உருவாக்கிய திட்டத்துக்கு வேண்டிய யுரேனியத்தின் பெரும்பகுதி, இந்நிறுவனத்தின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து சென்றதே. 1960இல் உலகின் கோபால்ட் உற்பத்தியில் பாதிக்கு மேல் கட்டாங்காவினுடையது.

1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றது. பாட்ரிஸ் லுமும்பா பிரதமரானார். ஜூலை 5இல் வெள்ளை அதிகாரிகளின் கீழிருந்த காங்கோப் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை 10இல் பெல்ஜியப் படை, காங்கோ அரசின் இசைவின்றித் தலையிட்டது. மறுநாளே, ஜூலை 11 அன்று, மொய்ஸ் ஷோம்பே கட்டாங்காவைத் தனிநாடாக அறிவித்தார். விடுதலைக்கும் பிரிவினைக்கும் இடைவெளி 11 நாள்.

இந்தத் தனிநாட்டை உலகின் எந்த அரசும், பெல்ஜியம் உட்பட, முறையாக ஏற்கவில்லை. ஆயினும் அதன் படைக்குப் பெல்ஜிய அதிகாரிகள் தலைமை தாங்கினர். அதன் அமைச்சகங்களில் பெல்ஜிய ஆலோசகர்கள் அமர்ந்தனர். எலிசபெத்வில் நகரில் (இன்றைய லுபும்பாஷி) இயங்கிய பெல்ஜியத் தூதுக்குழுவின் பெயர் ‘தொழில்நுட்பக் குழு’ என்பதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, யூனியன் மினியேர் நடுவணரசுக்குச் செலுத்தவேண்டிய வரியையும் உரிமத்தொகையையும் ஷோம்பேயின் கருவூலத்தில் செலுத்தியது. புதிய குடியரசு தன் வருவாயின் மிகப்பெரிய ஊற்றை இழந்தது. பிரிவினை அரசு, படைக்கு ஊதியம் தரவும் கூலிப்படையைத் திரட்டவும் பணம் பெற்றது.

இவற்றை ஒரே தொடரில் எழுதினால் இவ்வாறு அமையும்: ‘ஒரு சுரங்க நிறுவனத்தின் வரிப்பணத்தைக்கொண்டும் முன்னாள் ஆட்சியாளரின் அதிகாரிகளைக்கொண்டும் ஒரு மாகாணத் தலைவர் தனிநாடு அமைத்தார்.’ செய்பவர், கருவி, பயன் மூன்றும் இத்தொடரில் உள்ளன. ஆனால் உலகம் அறிந்த பெயர் ‘காங்கோ நெருக்கடி’. அந்தப் பெயர்த்தொடரில் ஓர் இடமும் ஒரு நிலையும் உண்டு, வேறெதுவும் இல்லை.

‘உள்நாட்டு’ என்னும் அடைமொழி

லுமும்பா ஐநாவின் உதவியைக் கோரினார். 1960 ஜூலை 14இல் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 143ஆம் தீர்மானம், பெல்ஜியம் தன் படைகளைத் திரும்பப் பெறவேண்டும் என்றது. ஆனால் பெல்ஜியத்தை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 9இல் வந்த 146ஆம் தீர்மானம் இரு கருத்துகளை ஒருங்கே கொண்டிருந்தது. கட்டாங்காவிலிருந்து பெல்ஜியப் படை உடனே வெளியேறவேண்டும் என்பது ஒன்று. அரசமைப்பு சார்ந்ததோ வேறுவகையோ, எந்த உள்நாட்டு மோதலிலும் ஐநா படை ஒரு தரப்பாகாது, அதன் முடிவின்மீது செல்வாக்குச் செலுத்தாது என்பது மற்றொன்று.

இரண்டாம் கருத்தையே பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் தம் செயற்பாட்டுக்கு அடிப்படையாகக் கொண்டார். கட்டாங்காப் பிரிவினை காங்கோவின் உள்விவகாரம். ஆகவே அதை முடிவுக்குக் கொண்டுவர ஐநா படையைப் பயன்படுத்த இயலாது என்பது அவருடைய விளக்கம். வெளியார் பணமும் வெளியார் படைத்தலைவரும் இல்லாமல் நில்லாத ஒன்றை உள்விவகாரம் என்பது எவ்வாறு என்று லுமும்பா வாதிட்டார். இருவருக்கும் இடையிலான பிளவு இந்த ஒற்றை அடைமொழியில் தொடங்கியது. ஐநாவிடம் கிடைக்காத உதவியை லுமும்பா சோவியத் ஒன்றியத்திடம் கோரியதும், மேற்குலகு அவரைப் பொதுவுடைமைக் கையாளாகச் சித்திரித்தது.

பின் நிகழ்ந்தவை விரைவானவை. செப்டம்பர் 5இல் குடியரசுத் தலைவர் கசவுபு, லுமும்பாவைப் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். செப்டம்பர் 14இல் படைத்தலைவர் மொபுட்டு அதிகாரத்தைக் கைப்பற்றினார். டிசம்பர் தொடக்கத்தில் லுமும்பா பிடிபட்டார். 1961 ஜனவரி 17 அன்று அவரும் மொரிஸ் எம்போலோ, ஜோசப் ஒகிட்டோ என்னும் இரு தோழர்களும் விமானத்தில் கட்டாங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அன்றிரவே எலிசபெத்வில் அருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். பெல்ஜிய அதிகாரிகள் அங்கே உடனிருந்தனர். உடல்கள் பின்னர் வெட்டப்பட்டு அமிலத்தில் கரைக்கப்பட்டன.

கொலை ஏறத்தாழ நான்கு வாரம் மறைக்கப்பட்டது. பிப்ரவரி 10 அன்று கைதிகள் தப்பிவிட்டதாக அறிவித்த கட்டாங்கா அரசு, பிப்ரவரி 13 அன்று அவர்களைக் கிராமத்தார் கொன்றுவிட்டதாக அறிவித்தது. எந்தக் கிராமம் என்று சொல்ல மறுத்தது. இங்கே வினைமுதல் உதிரவில்லை. உண்மையான வினைமுதல் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் பெயரற்ற ஆப்பிரிக்கக் கிராமத்தார் இருத்தப்பட்டனர். காங்கோவைப் பற்றி உலகம் முன்னரே கேட்டுப் பழகியிருந்த கதைக்கு அந்தப் பொய் பொருந்துமாறு அமைந்திருந்தது. உலகின் பல தலைநகரங்களில் பெல்ஜியத் தூதரகங்களை முற்றுகையிட்ட மக்கள் அதை நம்பவில்லை.

பிப்ரவரி 21இல் நிறைவேறிய 161ஆம் தீர்மானம், ஐநா தலைமையின் கீழ் வராத பெல்ஜிய, பிற வெளிநாட்டுப் படையினர், அரசியல் ஆலோசகர்கள், கூலிப்படையினர் ஆகியோர் வெளியேறவேண்டும் என்றது. உள்நாட்டுப் போரைத் தடுக்க இறுதி வழியாகப் படைபலத்தைப் பயன்படுத்தவும் இசைந்தது. நவம்பர் 24இன் 169ஆம் தீர்மானம், வெளியாரின் வளத்தாலும் கூலிப்படையாலும் நடத்தப்படும் பிரிவினை என்று அதை வெளிப்படையாகக் கண்டித்தது. கட்டாங்காப் பிரிவினையின் செய்பவர் ஐநாவின் தொடரில் முழுமையாக இடம்பெறப் பதினாறு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் யாரென்று முதலில் சொன்னவர் உயிரோடு இல்லை.

செய்தியில் கட்டாங்கா

அக்காலச் செய்திகளில் காங்கோவும் கட்டாங்காவும் எதிரெதிர்ச் சொற்களாக அமைந்தன. காங்கோ என்றால் ‘குழப்பம்’; கட்டாங்கா என்றால் குழப்பக் கடலில் ‘ஒழுங்கின் தீவு’. லுமும்பா ‘நிலையற்றவர்’, ஷோம்பே ‘மிதவாதி’. ஒழுங்கு எதனால் ஆனது என்று கேட்டால் செம்பு தடையின்றி ஏற்றுமதியாயிற்று என்பதே விடை. வட கட்டாங்காவில் பிரிவினையை எதிர்த்த பலுபா மக்களின் ஊர்கள் எரிக்கப்பட்டதும், எலிசபெத்வில்லில் பல்லாயிரம் பலுபா மக்கள் ஐநா பாதுகாப்பில் ஏதிலிகளாகத் தங்க நேர்ந்ததும் அந்த ஒழுங்கின் படத்துக்கு வெளியே நின்றன.

இந்தப் படம் தானாகவும் உருவாகவில்லை. கட்டாங்காத் தகவல் பணியகம் என்னும் பெயரில் நியூயார்க்கில் ஒரு விளம்பர அலுவலகம் இயங்கியது. மிஷேல் ஸ்த்ரூலான்ஸ் என்னும் பெல்ஜியர் அதை நடத்தினார். 1961 டிசம்பர் 14 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கட்டாங்கா விடுதலைப் போராளிகளுக்கு உதவும் அமெரிக்கக் குழு என்ற பெயரில் வெளியான அவ்விளம்பரம், கட்டாங்காவை 1961ஆம் ஆண்டின் ஹங்கேரி என்று வருணித்தது. 1956இல் சோவியத் டாங்கிகள் நசுக்கிய ஹங்கேரியின் இடத்தில் கட்டாங்கா. சோவியத் படையின் இடத்தில் ஐநா. இங்கு வினைமுதல் தெளிவாகவே பெயர் பெறுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நலன் கோரும்போது வினைமுதல் மறைகிறது. நலன் கோரும்போது தோன்றவும் செய்கிறது.

யாருடைய சொல் சான்றாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு, செய்தியாளர் எட்வர்டு பேர் வெளியிட்ட நினைவுநூலின் தலைப்பே போதும். காங்கோவிலிருந்து வெளியேறக் காத்திருந்த பெல்ஜியக் குடிமக்களிடையே ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்தியாளர் உரத்த குரலில் கேட்ட கேள்வி அது: வன்புணர்வுக்கு ஆளானவரும் ஆங்கிலம் பேசுபவருமான எவரேனும் இங்கே உண்டா? துன்பம் செய்தியாவதற்கு இரு தகுதிகள் வேண்டியிருந்தன. இரண்டாவது தகுதி மொழி. சுவாஹிலியிலும் லிங்காலாவிலும் சிலுபாவிலும் கிகொங்கோவிலும் அத்துன்பத்தைச் சொல்லக்கூடிய கோடிக்கணக்கானோர் முதற்சுற்றிலேயே விலக்கப்பட்டனர்.

‘பழங்குடிச் சண்டை’ என்னும் சொல்லையும் இங்கே ஆராயவேண்டும். கட்டாங்காவின் ‘மண்ணின் மக்களு’க்கும் கசாயிலிருந்து வந்த லுபா மக்களுக்கும் இடையிலான பகை மெய்யானது, ஷோம்பேயின் கொனாக்கட் கட்சி 1958இல் அந்தப் பகையை முதலாகக்கொண்டே எழுந்தது. ஆனால் கசாய் மக்கள் கட்டாங்காவுக்கு வந்தது எப்படி? சுரங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1920கள் முதல் அவர்களைத் திரட்டிக் குடியேற்றியதில் யூனியன் மினியேருக்குப் பெரும்பங்கு உண்டு. தொன்மையானதாகச் செய்திகள் காட்டிய பகைக்கு வயது நாற்பது ஆண்டுகூட இல்லை. அது சுரங்க முகாமில் பிறந்தது.

நம் நினைவில் உள்ள விடுபடல்

இந்த வரலாற்றில் இந்தியப் பெயர்கள் சில உண்டு. 1960 செப்டம்பரில் ராஜேஷ்வர் தயாள் காங்கோவில் ஐநா பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியானார். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாளிட்ட அவருடைய அறிக்கை, வெளியேறிய பெல்ஜியர்கள் ஆலோசகர்களாகவும் அதிகாரிகளாகவும் திரும்பி வருவதை விரிவாகப் பதிவுசெய்தது. அதாவது, வினைமுதலை எழுதியது. மொபுட்டுவின் ஆட்சியும் மேற்கு அரசுகளும் அவரை ஒருதலைச் சார்பினர் என்று குறைகூறின. 1961 மே மாதம் அவர் பதவி விலக நேர்ந்தது.

161ஆம் தீர்மானத்துக்குப் பின் நேரு அரசு ஒரு முழுத் தரைப்படைப் பிரிகேடைக் காங்கோவுக்கு அனுப்பியது. 1961 செப்டம்பர் 13 அன்று கட்டாங்காவில் ஐநா நடத்திய நடவடிக்கைக்கு ‘மோர்த்தோர்’ என்று பெயர்; அது முறுக்கி உடைப்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. அந்நடவடிக்கை தோல்வியில் முடிந்தது. போர்நிறுத்தம் பேசச் சென்ற ஹாமர்ஷோல்ட் செப்டம்பர் 17–18 இரவில் அன்றைய வடரொடீஷியாவின் என்டோலா அருகே விமானம் வீழ்ந்து இறந்தார். அதன் காரணத்தை ஆராயும் பணி இந்நூற்றாண்டிலும் தொடர்கிறது.

1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில், கட்டாங்காப் படை அமைத்த சாலைத் தடுப்பை அகற்றும் போரில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிர்நீத்தார். பரம்வீர் சக்ரா பெற்றவர்களுள் ஐநா பணியில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. நம் பாடநூல்களும் நினைவேந்தல்களும் அவருடைய வீரத்தை, ‘ஐநா அமைதிப் பணியில் வீரமரணம்’ என்ற தொடரால் போற்றுகின்றன. போற்றுதற்குரியதே. ஆனால் அத்தொடரிலும் இடமும் காலமும் உள்ளன. அவரைச் சுட்ட துப்பாக்கிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இல்லை. அவர் இறந்தது ஒரு சுரங்கத்தின் வருவாயால் நிலைபெற்றிருந்த பிரிவினைப் படையோடு போரிட்டு என்பதை நாமும் நம் நினைவிலிருந்து விட்டுவிட்டோம்.

1962 டிசம்பர் இறுதியில் தொடங்கிய ஐநா நடவடிக்கை 1963 ஜனவரியில் பிரிவினையை முடித்துவைத்தது.

ஒற்றைக் காரணமும் ஒரு மறைப்பே

இதுவரை சொன்னதைக்கொண்டு, ஆப்பிரிக்கப் போர்கள் யாவற்றுக்கும் பின்னே ஒரு வெளிநாட்டு நிறுவனம் உண்டு என்ற முடிவுக்கு வருவது பிழை. அது ஒரு விடுபடலை மற்றொரு விடுபடலால் நிரப்புவதாகும். ஷோம்பேயும் மொபுட்டுவும் பொம்மைகள் அல்லர். தமக்கென நோக்கமும் கணக்கும் கொண்ட அரசியலாளர்கள். அவர்களை வெறும் கருவியாக்கும் எழுத்து, ஆப்பிரிக்கர்களிடமிருந்து செயலைப் பறிக்கும் பழைய வழக்கத்தையே வேறொரு நன்னோக்கோடு தொடர்கிறது.

1996க்குப் பிந்தைய கிழக்குக் காங்கோவை எடுத்துக்கொள்வோம். 1994இன் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஏதிலிகள், கொலை செய்தோர் உட்பட, எல்லை கடந்தனர். அதற்கு முன்னரே நிலவுரிமைச் சிக்கல்கள் இருந்தன. கின்யருவாண்டா மொழி பேசும் மக்களின் குடியுரிமையை 1981ஆம் ஆண்டுச் சட்டம் கேள்விக்குள்ளாக்கியது. ஒரு மொழியின் பெயர் ஒரு மக்களின் குடியுரிமை வழக்காக மாறியது. இவை எவற்றையும் கோல்டான் என்ற ஒரு கனிமத்தைக்கொண்டு விளக்கிவிட முடியாது.

ஆனால் 2000க்குப் பின் மேற்கு ஊடகம் அவ்வாறே விளக்கத் தொடங்கியது. கைப்பேசியில் உள்ள கனிமமே போருக்குக் காரணம் என்ற கதை எளிது. வாசகர் கையிலேயே சான்று உள்ளது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டாட்–ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு இந்த விளக்கத்தின் விளைவுகளுள் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோ அரசு கிழக்கு மாகாணங்களில் சுரங்கத் தொழிலுக்குத் தடை விதித்தது. 2011 மார்ச்சில்தான் அது விலக்கப்பட்டது. வாங்குவோர் பலர் விலகிச் சென்றனர், கையால் தோண்டிப் பிழைத்த எளிய தொழிலாளர் பெருந்துயருற்றனர், போர் நிற்கவில்லை. எளிய கதை எளிய தீர்வைத் தந்து உள்ளூர்க் காரணங்களை மறைத்ததை அரசியல் அறிஞர் செவரின் ஒத்தெசேர் 2012இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார்.

ஆகவே எட்டு இடங்களையும் நிரப்பி எழுதுவதே நாம் கோரவேண்டியது. உள்ளூர்ச் செய்பவரும் வேண்டும். அவருக்குப் பணம் தந்தவரும் வேண்டும். பயன் யாரைச் சென்றடைந்தது என்பதும் வேண்டும்.

சரக்குப் பட்டியலை வாசித்தல்

இதற்கு வழி காங்கோவின் வரலாற்றிலேயே உண்டு. பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாகக் காங்கோ இருந்த காலத்தில், எட்மண்ட் மோரெல் என்னும் இளைஞர் ஒரு பிரித்தானியக் கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். அரசரின் விளம்பரங்கள் காங்கோவில் தடையற்ற வாணிகமும் நாகரிகப் பணியும் நடப்பதாகக் கூறின. மோரெல் சரக்குப் பட்டியலைப் பார்த்தார். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் நிறைந்து வந்தன. காங்கோவுக்குத் திரும்பிய கப்பல்களில் துப்பாக்கியும் தோட்டாவும் சென்றன. விலையாகக் கொடுக்கத்தக்க பண்டம் ஏதும் இல்லை. அங்கே நடப்பது வாணிகம் அன்று, கட்டாய உழைப்பு என்பதை ஆப்பிரிக்காவுக்குச் செல்லாமலேயே அவர் உணர்ந்தார். 1904இல் வெளிவந்த ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கையும் அவ்வாண்டே தொடங்கிய காங்கோ சீர்திருத்தச் சங்கமும் அந்த உணர்வை இயக்கமாக்கின. 1908இல் லியோபோல்ட் காங்கோவைக் கைவிட நேர்ந்தது.

இதே முறையை 2001இல் ஐநாவின் வல்லுநர் குழு பின்பற்றியது. அண்டை நாடுகளின் கனிம ஏற்றுமதி அவற்றின் சொந்த உற்பத்தியோடு பொருந்தாததை அது காட்டியது. 2002 அக்டோபர் அறிக்கை 29 நிறுவனங்கள்மீது நிதித்தடை கோரியது. மேலும் 85 நிறுவனங்கள் பன்னாட்டு நெறிகளை மீறியதாகப் பட்டியலிட்டது. 2024 ஏப்ரலில் எம்23 கைப்பற்றிய ருபாயா கோல்டான் சுரங்கத்திலிருந்து அந்த அமைப்பு மாதந்தோறும் ஏறத்தாழ 8 லட்சம் டாலர் வரி திரட்டுவதாக ஐநா வல்லுநர்கள் மதிப்பிட்டனர். அதே 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ருவாண்டாவோடு கனிமங்கள் குறித்த ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. ‘காங்கோவில் வன்முறை வெடித்தது’ என்னும் தொடருக்குள் இவை எவையும் நுழைய இடமில்லை.

சொல் தேர்வின் விளைவு இன்றும் முடியவில்லை. பெல்ஜிய நாடாளுமன்றக் குழு 2001இல், லுமும்பாவின் சாவுக்கு இட்டுச் சென்ற சூழலில் பெல்ஜிய அமைச்சர்கள் சிலருக்கு ‘தார்மிகப் பொறுப்பு’ உண்டு என்றது. பொறுப்பு என்னும் சொல்லுக்கு முன் ஓர் அடைமொழி இட்டவுடன், நீதிமன்றத்துக்குச் செல்லும் வழி அங்கே குறுகிவிட்டது. 2022 ஜூன் மாதம் லுமும்பாவின் குடும்பத்திடம் பெல்ஜியம் ஒப்படைத்தது ஒரு பல்லை மட்டுமே. ஓர் உடலில் எஞ்சியது அது.

இந்தியாவில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இறுதியாக ஒன்று. கோமா வீழ்ந்த அதே வாரத்தில், 2025 ஜனவரி 29 அன்று, இந்திய ஒன்றிய அமைச்சரவை தேசிய முக்கியக் கனிமத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வெளிநாடுகளில் கனிமச் சொத்துகளைப் பெற இந்தியப் பொதுத்துறை, தனியார் நிறுவனங்களை ஊக்குவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு கற்பிக்க நான் முயலவில்லை. மின்கல ஊர்திகளும் மின்னணுப் பொருள்களும் வேண்டும் ஒரு நாட்டுக்கு அத்தேவை இயல்பானதே. ஆனால் கட்டாங்காவின் கோபால்ட் சுரங்கங்களில் நேற்று பெல்ஜியரும் இன்று சீன நிறுவனங்களும் முதன்மை பெற்றது போல, நாளை எங்கோ ஓரிடத்தில் நாமும் பங்குதாரர் ஆகலாம். அன்று அந்த நிலத்தில் போர் வந்தால், நம் இதழ்கள் அதை ‘மூண்டது’ என்று எழுதுமா, ‘மூட்டினர்’ என்று எழுதுமா? அந்தச் செய்திகளை எழுதவும் மொழிபெயர்க்கவும் போகிறவர்களுள் பலர் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஒரு தொடரில் விடுபட்ட எழுவாயைத் தேடச் சொல்லித்தருவது இலக்கணப் பாடத்தின் மிக எளிய பயிற்சி. அதை ஆப்பிரிக்காவைப் பற்றிய ஒரு செய்தியைக்கொண்டு ஒருமுறை செய்துபார்க்குமாறு ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.